படத்தில் தெரிவதெல்லாம் வருத்தமா?

வாசகர் கேள்வி – பதில்: எம்.ஆர்.ஐ. ஸ்கான்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்கவைத்துப் படமெடுப்பது. பதில் எழுதுபவர்கள் ஸ்கான் அறையில் வேலை செய்பவர்கள். மருந்தும் ஒப்பரேஷனும் உங்கள் வைத்தியர் முடிவு செய்ய வேண்டியவை.

எனக்கு 51 வயது, வயல் வேலை. ஒரு வருடமாக நாரிநோ. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5, எல்5–எஸ்1 டிஸ்க் பல்ஜ், டெசிக்கேஷன்’ என்று இருக்கிறது. நாரியெலும்பு தேய்ந்துவிட்டது, ஒப்பரேஷன் செய்யாவிட்டால் நடக்க ஏலாமல் போகும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
— வாசகர், மண்டூர்

எல்4, எல்5 என்பவை நாரியெலும்புகளின் இலக்கம், எஸ்1 அவற்றுக்குக் கீழே உள்ள எலும்பு. டெசிக்கேஷன் என்றால் காய்தல், அவ்வளவுதான். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டில் (டிஸ்க்) இளவயதில் நீர் நிறைய இருக்கும். ரி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியும். அதனால் இருபது வயதுப் பிள்ளையின் வட்டு நடுவில் வெளுத்திருக்கும், உங்கள் வயதில் கறுத்திருக்கும். வழுக்கை முற்றித் தேங்காய் ஆவதை யாரும் வருத்தம் என்று சொல்வதில்லை. பல்ஜ் என்பது வட்டின் விளிம்பு சுற்றிவரச் சற்றுப் பிதுங்கி நிற்பது.

2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நாரிநோவே இல்லாத 3,110 பேரின் படங்களைக் கணக்கெடுத்தது. 50 வயதில் 100 பேரில் 73 பேருக்கு வட்டு காய்ந்திருந்தது. 60 பேருக்குப் பல்ஜ் இருந்தது. ஒரு பக்கமாகப் பிதுங்கும் ‘புரொட்ரூஷன்’கூட 36 பேருக்கு இருந்தது. இவர்கள் ஒருவருக்கும் நோவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு சொல்லும் உங்கள் வகுப்பில் படித்த பாதிப் பேரின் முதுகிலும் இருக்கும். அவர்கள் ஸ்கான் எடுக்கவில்லை, அதனால் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியது, படத்தில் தெரிவது உங்கள் நோவோடு பொருந்துகிறதா என்பதைத்தான். எல்4–எல்5 வட்டு நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் எல்5 நரம்புதான் அகப்படும்: நோவு காலின் வெளிப்பக்கத்தால் இறங்கி மேற்பாதத்துக்கு வரும், கால் பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறையும். எல்5–எஸ்1 என்றால் குதிக்காலும் பாதத்தின் வெளி ஓரமும் விறைக்கும், நுனிக்காலில் எழும்பி நிற்கக் கஷ்டமாக இருக்கும். கால் பக்கம் எதுவுமே இல்லாமல் நாரி மட்டும் பிடித்தால் பல்ஜைக் குற்றவாளி ஆக்குவதற்குச் சாட்சி போதாது. ரிப்போர்ட்டில் ‘நேர்வ் ரூட் கம்ப்ரெஷன்’ (நரம்பின் வேர் அழுத்தப்படுதல்) என்ற சொல் இருக்கிறதா, இருந்தால் வலமா இடமா என்று பாருங்கள். நோவு இடக்காலில், அழுத்தம் வலப்பக்கத்தில் என்றால் அதை வைத்தியரிடம் வாய்விட்டே சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்குக் கடைசி நாரியெலும்பு கீழே உள்ள எலும்போடு ஒட்டியிருக்கும், அல்லது ஆறாவது ஒன்று இருப்பதுபோலத் தெரியும். அப்போது ஒருவர் எல்4 என்று எண்ணுவதை இன்னொருவர் எல்5 என்று எண்ணுவார். எக்ஸ்ரே ரிப்போர்ட்டும் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் வேறு வேறு இலக்கம் சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கழுத்தின் இரண்டாவது எலும்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவதற்கு முழு முள்ளந்தண்டையும் காட்டும் ஒரு முன்னோட்டப் படம் போதும், ஒரு நிமிடமும் ஆகாது. ஒப்பரேஷன் என்று பேச்சு எழுந்தால் அந்தப் படம் கட்டாயம் இருக்க வேண்டும்.

சிறுநீர் கழிக்க ஏலாமல் போனால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், பாதம் தொங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். இவை இல்லாவிட்டால், வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பி ஆளுக்கொரு கருத்துக் கேட்பதைவிட, உங்களைத் தொட்டுப் பரிசோதிக்கும் ஒரு வைத்தியரிடம் காட்டுவது மேல்.

வாப்பாவுக்கு 66 வயது, சீனி வருத்தமும் பிறஷரும் உண்டு. தலைச்சுற்றுக்கு எடுத்த ஸ்கானில் ‘மூளையில் வெள்ளைப் புள்ளிகள், ஃபசேகாஸ் 1’ என்று வந்திருக்கிறது. கட்டியா?
— வாசகி, நிந்தவூர்

கட்டி இல்லை. மூளையின் மிகச் சிறிய இரத்தக் குழாய்கள் வயதாலும் பிறஷராலும் சீனியாலும் தடித்துப்போகும்போது அவற்றைச் சுற்றிய இடம் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஃபசேகாஸ் என்பது 0 முதல் 3 வரையான அளவுகோல். 1 என்றால் ஆங்காங்கே பொட்டுப் பொட்டாக. தலைச்சுற்றுக்குக் காரணம் இதுதான் என்று நினைத்துக் காதுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பிறஷரையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதுதான் இதற்கு மருந்து.

அப்பாவின் தொடையில் 1990இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். ஸ்கான் எடுக்கும் இடத்தில் ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எடுப்பது தலைக்கு, துண்டு இருப்பது தொடையில். ஏன் இந்தப் பிடிவாதம்?
— வாசகர், வெல்லாவெளி

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். உடம்பில் துண்டோடு வாழ்பவர்கள் இங்கே அவ்வளவு பேர்.

தலைக்கு எடுத்தாலும் உடம்பு முழுவதும் காந்தத்துக்குள்ளும் அதன் வாசலிலும்தான் கிடக்கிறது. இரும்பை இழுக்கும் விசை குழாயின் நடுவில் அல்ல, காந்தப் புலம் சட்டென ஏறும் வாசலடியில்தான் கூட. குழாயின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். தலை நடுவில் இருக்கும்போது தொடை சரியாக அந்த வாசல் பக்கமாகத்தான் வரும். ஆகவே திருப்பி அனுப்பியவர்கள் பயப்பட்டது நியாயம்தான். ஆனால் விசாரிக்காமல் ‘ஏலாது’ என்று முடிப்பதும் சரியில்லை, ஏனென்றால் பலருக்குச் செய்யலாம்.

ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு, காந்தம் இழுக்கும். துவக்குச் சன்னம் பொதுவாக ஈயமும் செம்பு உறையும், இழுக்காது. ஆனால் உருக்கு உறையோ உருக்கு நடுவோ உள்ள சன்னங்களும் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும், எந்த உலோகம் என்று அது சொல்லாது. அதனால் தீர்மானிப்பது துண்டு இருக்கும் இடம். கண்ணுக்குள், மூளையில், முண்ணாணுக்கு (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அருகில், இருதயத்தருகில், பெரிய இரத்தக் குழாயை ஒட்டி இருந்தால் பொதுவாகக் கைவிடப்படும். தொடைச் சதைக்குள் முப்பது வருடத்துக்கு மேல் கிடக்கும் துண்டைச் சுற்றித் தழும்புத் திசு உறைபோலக் கட்டியிருக்கும், அது எளிதில் அசையாது. ஆனாலும் தொடையின் பெரிய நாடிக்கு அது எவ்வளவு கிட்ட என்று பார்த்த பிறகே இப்படிச் சொல்லலாம்.

ஆகவே இப்படிப் போங்கள். எந்த வருடம், எதனால் பட்டது, எடுக்க முயற்சித்தார்களா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தொடையை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் இரண்டு எக்ஸ்ரே எடுத்து, பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து, கதிரியக்கவியல் வைத்திய நிபுணரிடம் காட்டும்படி கேளுங்கள். முடிவெடுப்பவர் அவர். செய்யலாம் என்றால் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் பலத்தின் அலகு) இயந்திரத்தைவிட 1.5 டெஸ்லாவைத் தெரிவு செய்வது நல்லது. கட்டிலை உள்ளே மெதுவாகத் தள்ள வேண்டும். கையில் தரும் இரப்பர்ப் பந்தை அப்பா விடக்கூடாது. தொடையில் இழுப்போ சூடோ குத்தலோ தெரிந்த உடனே அமத்த வேண்டும். செய்யக்கூடாது என்று முடிவானால் தலைக்கு சி.ரி. இருக்கிறது, பல கேள்விகளுக்கு அதுவே போதும். எந்த முடிவானாலும் எழுத்தில் வாங்கி எக்ஸ்ரேயோடு பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

வெல்டிங், கிரைண்டர் வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணில் தூள் பறந்து வைத்தியரிடம் போன அனுபவம் எப்போதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குள் இருந்த இரும்புத் துகள் அசைந்து ஒருவர் பார்வை இழந்தது 1986இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மேலே பார்த்தும் கீழே பார்த்தும் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேயில் இந்தப் பயம் தீரும்.

தங்கச்சிக்குத் தலையிடி. முதல் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மூளையின் இடப்பக்க நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம் என்றார்கள். ஊசி போட்டு இரண்டாம் தடவை எடுத்தபோது ஒன்றும் இல்லை என்றார்கள். எதை நம்புவது?
— வாசகர், ஆரையம்பதி

இரண்டாவதை. ஆனால் முதல் ரிப்போர்ட் எழுதியவர் பிழை விட்டார் என்று நினைக்க வேண்டாம்.

ஊசி போடாமல் நாளங்களைப் படமெடுக்கும் முறை, இரத்தம் ஓடுவதைத்தான் வெள்ளையாகக் காட்டும். குழாய் அங்கே இருந்தும் ஓட்டம் மெதுவாக இருந்தால், அல்லது படத்தின் துண்டுத் தளத்தோடு ஒரே திசையில் ஓடினால் வெள்ளை மங்கி, குழாய் அறுந்ததுபோலத் தெரியும். மண்டையின் பின்பக்கம் குறுக்காக ஓடும் இரண்டு நாளங்களில் இடப்பக்கத்தது பலருக்குப் பிறப்பிலேயே ஒடுக்கம். சாதாரணப் படங்களில் குறையே இல்லாத 100 பேரை இந்த முறையில் பார்த்த ஓர் ஆய்வில் 31 பேருக்கு இந்த ‘வெட்டு’ தெரிந்தது. இரண்டில் பெரிதாக இருந்த பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மருந்து ஊசி போட்டு எடுத்தால் ஓட்டம் எப்படி இருந்தாலும் குழாய் நிரம்பித் தெரியும். அதனால்தான் இரண்டாம் தடவை.

உண்மையான கட்டி தவறிப்போனால் ஆபத்து என்பதால் சந்தேகத்தை எழுதுவதுதான் முறை. குறிப்பாகப் பிள்ளை பெற்ற சில கிழமைகளில், அல்லது கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு, தலையிடியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு என்று வந்தால் இதை இலேசாக எடுக்கக் கூடாது. இந்த விபரங்களை ஸ்கான் படிவத்தில் எழுதுவிப்பது உங்கள் கையில் இருக்கிறது. ‘தலையிடி’ என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் படிவத்துக்கு ஒற்றைச் சொல்லுக்கான ஸ்கான்தான் கிடைக்கும்.

மருந்து ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ஒரு நாள் பால் கொடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைக்கு மூன்று மாதம்.
— வாசகி, களுவாஞ்சிக்குடி

கொடுக்கலாம். அந்த மருந்தில் உள்ளது கடோலினியம். முதல் 24 மணித்தியாலத்தில் பாலில் சேர்வது போட்ட அளவில் 0.04 வீதத்துக்கும் குறைவு; அதிலும் பிள்ளையின் குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கவனிக்க வேண்டியவர்கள் வேறு: கர்ப்பிணிகள், சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR) 30க்குக் கீழ் போனவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள். வீட்டில் சிறுநீரக வருத்தக்காரர் இருந்தால் கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கையோடு கொண்டு போகவும்.

வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல். வழமையான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பெரும்பாலான மருந்துகள் அரை மோலார் (மில்லிலீற்றருக்கு 0.5 மில்லிமோல்) என்பதால் 55 கிலோவுக்கு 11 மில்லிலீற்றர் வரும். கடோபியூட்ரோல் என்ற மருந்து ஒரு மோலார், அதற்கு 5.5தான். மருந்து மாறி வந்த கிழமையில்தான் இரட்டிப்பாகப் போகும். போத்தலைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், பழக்கத்தில் போடாதீர்கள்.

புதிதாக எம்.ஆர்.ஐ. பிரிவுக்கு வந்திருக்கும் ரேடியோகிராஃபர் நான். கழுத்து ஸ்கானில், பக்கவாட்டு ரி2 படத்தில் சிலருக்கு முண்ணாணின் நடுவே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு வருகிறது. குறுக்குவெட்டில் காணவில்லை. வேறு சில நாட்களில் படத்தின் குறுக்கே புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு ஓடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?
— வாசகர், அம்பாறை மாவட்டம்

இரண்டும் வேறு. குறுக்குவெட்டைத் தேடிப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை.

முதலாவது கிப்ஸ் என்ற பொய்க்கோடு. வெள்ளை நீருக்கும் கறுத்த முண்ணாணுக்கும் நடுவிலுள்ள கூர்மையான எல்லையை, எண்ணிக்கை குறைந்த அலைகளால் இயந்திரம் வரைய முயலும்போது எல்லைக்கு இணையாகச் சிற்றலைகள் எழும். முண்ணாண் ஒடுக்கமானது, அதனால் இரு கரையின் அலைகளும் நடுவில் சேர்ந்து நீர்க்குழிபோலக் காட்டும். பேஸ் திசையில் (இயந்திரம் படத்தைப் படி படியாக அளக்கும் திசை) 128 அல்லது 160 படி வைத்து நேரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பில் இது நிச்சயம் வரும். 256க்கு உயர்த்துங்கள். நேரம் கூடும், 128இலிருந்து என்றால் இரட்டிக்கும், வேறு வழியில்லை. 240 மில்லிமீற்றர் பரப்புக்கு 256 படி என்றால் ஒரு புள்ளி 0.94 மில்லிமீற்றர். புள்ளியின் அளவை மாற்றியதும் கோடு மெலிந்தோ இடம் மாறியோ போனால் அது இயந்திரத்தின் கோடு. உண்மையான நீர்க்குழி எந்த அமைப்பிலும் அதே இடத்தில், குறுக்குவெட்டிலும் வட்டமாக நிற்கும்.

பேஸ் திசை முன்–பின்னாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதைத் தலை–கால் திசைக்கு மாற்றுங்கள். விழுங்கும்போது எழும் நிழல்களும் முண்ணாண் மேல் விழாமல் போகும். மாற்றும்போது ஓவர்சாம்ப்லிங் (படப் பரப்புக்கு வெளியேயும் சேர்த்து அளத்தல்) போடாவிட்டால் தலையின் மேற்பகுதி நெஞ்சின் மேல் மடிந்து வரும். தொண்டைக்கு முன்னால், அந்த இடத்தின் சமிக்ஞையை அடக்கும் ஒரு சற்றுரேஷன் பட்டையும் வையுங்கள்.

இரண்டாவது ‘சிப்பர்’. வெளியிலிருந்து வானொலி அலை உள்ளே வருகிறது. 1.5 டெஸ்லாவில் இயந்திரம் கேட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ 63.9 மெகாஹேர்ட்ஸை. அந்த இடத்தில் பேசும் எதுவும் படத்தில் கோடு கீறும். சில நாட்களில் மட்டும் என்கிறீர்கள். எனவே முதலில் கதவு. கதவைச் சுற்றி வானொலி அலையைத் தடுக்கும் விரல்போன்ற செம்புக் கலவைத் தகடுகளில் வளைந்தது, கறுத்தது உண்டா? கரையோரத்து உப்புக்காற்று இவற்றை விடாது. ஐசோப்ரோப்பைல் அல்ககோலும் நூல் விடாத துணியும் கொண்டு துடைக்க வேண்டும். இரும்புப் பஞ்சு என்ற எண்ணமே வேண்டாம், காந்த அறை வாசலில் நிற்கிறீர்கள். பிறகு உள்ளே உள்ள மானிட்டர், இன்ஜெக்டர், அறை விளக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபான்டத்தை (சோதனைக்கான போத்தல்) வைத்து ஒன்றொன்றாக இயக்கிப் பாருங்கள். எது இயங்கும்போது கோடு திரும்பி வருகிறதோ அதுதான். திகதி, நேரம், எந்தக் கொயில் (உடம்பின் மேல் வைக்கும் அலை வாங்கி) என்று கொப்பியில் எழுதிவைத்தால் சேர்விஸ் எஞ்சினியர் வரும்போது பாதி நாள் மிச்சம்.

படம் முழுக்கச் சரிவான கோடுகள், நெய்த துணிபோல வந்தால் அது மூன்றாவது வகை. எங்கோ பொறி பறக்கிறது: கொயில் செருகி தளர்ந்திருக்கலாம், காற்று அதிகம் உலர்ந்திருக்கலாம்.

மின்வெட்டு நேரத்தில் எம்.ஆர்.ஐ. அறையைத் துப்புரவு செய்யலாம், காந்தம் ஓய்ந்திருக்கும் என்று சொன்னார்கள். சரியா?
— சிற்றூழியர் ஒருவர், கல்முனை

சரியே இல்லை. இப்படிச் சொன்னவரை ஒருமுறை கூப்பிட்டுத் திருத்துங்கள்.

காந்தத்தின் கம்பி நியோபியம்–டைட்டேனியம். அது மைனஸ் 269 பாகை திரவ ஹீலியத்தின் குளிரில் இருக்கும்போது அதற்குத் தடையே கிடையாது. ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளியிலிருந்து மின்சாரம் வராமலே வருடக்கணக்கில் சுற்றும். விளக்கு அணைந்தாலும், ஞாயிற்றுக்கிழமை என்றாலும், கதவு பூட்டியிருந்தாலும் காந்தம் காந்தம்தான். சுவரில் உள்ள அவசர மின்நிறுத்தப் பொத்தானை அமத்தினாலும் மின்சாரம் போகுமே தவிரக் காந்தம் போகாது. 2001இல் நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஆறு வயதுச் சிறுவனும், 2018இல் மும்பையில் ஓர் இளைஞரும் இறந்தது அறைக்குள் வந்த ஒட்சிசன் சிலிண்டரால். தகர வாளி, இரும்புக் கைபிடி மொப், தரை மினுக்கும் மெஷின் எதுவும் வேண்டாம். முழுக்கப் பிளாஸ்டிக், அலுமினியம், மரம். அதுவும் ரேடியோகிராஃபர் கதவில் நிற்கும்போது மட்டும்.

மின்வெட்டில் உண்மையில் நிற்பது குளிரூட்டல். ‘சிக்... சிக்...’ என்று எப்போதும் கேட்கும் ஓசை நின்றுவிட்டால் ஹீலியம் கொதித்துக் குறையத் தொடங்கும். ஜெனரேட்டரில் ஸ்கானரை மட்டும் இணைத்து, குளிரூட்டும் ‘சில்லர்’ இயந்திரத்தை விட்டுவிட்டால் பயனில்லை. ஹீலிய மட்டத்தையும் அமுக்கத்தையும் நேரத்தோடு குறித்து உடனே அறிவிக்க வேண்டும்.

குவென்ச் பொத்தான் வேறு. அது ஹீலியத்தைக் கொதிக்கவைத்து வெளியேற்றிக் காந்தத்தையே கொல்லும். ஒரு லீற்றர் திரவம் 700 லீற்றருக்கு மேல் வாயுவாகும், வெளிக்குழாய் அடைபட்டிருந்தால் அறையில் ஒட்சிசன் இல்லாமல் போகும். ஆள் நசுங்கிக் கிடந்தால் மட்டும் அமத்துவது. கதிரை ஒட்டிக்கொண்டதற்காக அல்ல.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன வழி? கதிர்வீச்சு பயமில்லையா?
— மாணவி, அக்கரைப்பற்று

பேராதனைப் பல்கலைக்கழக இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் கதிர்ப்படவியல் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது தங்கச்சி. இசட் புள்ளி வேண்டும். பௌதிகவியலை ஒப்புக்குப் படிக்காதீர்கள், மேலே சொன்ன கிப்ஸும் ஹீலியமும் அதிலிருந்து வருபவை. எக்ஸ்ரே, சி.ரி.யில் கதிர்வீச்சு உண்டு, அதற்குக் கவசமும் கணக்கும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அது அறவே இல்லை. இங்கே பயப்பட வேண்டியது இரும்புக்கும், சூட்டுக்கும், சத்தத்துக்கும். ஒரு நாளில் பாதி நேரம் பொத்தான் அமத்துவதில் போகாது, ஆட்களிடம் கேள்வி கேட்பதில்தான் போகும். அதில் விருப்பம் இருந்தால் வாருங்கள்.

அச்சரக்கூடு, அரைஞாண், தாலிக்கொடி, ஹிஜாப் பின்: எதை வைத்திருக்கலாம்?
— பல வாசகிகள்

ஒன்றையும் இல்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொளுக்கியின் உள்ளே உருக்குச் சுருள் இருக்கும், வளையமாகக் கிடக்கும் எந்த உலோகமும் சூடேறும். அச்சரக்கூட்டின் மூடியும் உள்ளே உள்ள தகடும் எதனால் செய்தவை என்று கட்டியவருக்கே தெரியாது. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மட்டும் வெறும் மஞ்சள் கயிற்றோடு வரலாம். பின் இல்லாமல் தலையில் சுற்றும் பருத்தித் துணிக்குத் தடையில்லை. எத்தனை பின் குத்தினீர்கள் என்று வீட்டில் எண்ணிக்கொண்டு வாருங்கள். கழற்றும்போது அந்த எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.